ஒரே இடம், இரண்டு படம்

மடகாஸ்கரின் வடமேற்கில் பெட்சிபோகா ஆறு கடலில் சேரும் இடம் மழைக்காலத்தில் செங்காவியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். தீவின் நடு மேட்டுநிலத்து மண்தான் அது. மண்ணோடு காடும் போகிறது: தீவில் 1953இல் இருந்த இயற்கைக் காட்டில் 44 விழுக்காடு 2014க்குள் அழிந்துவிட்டது. இந்த இழப்பைக் காட்ட ஒரு படம் போதாது. ஒரே இடத்தை இரண்டு காலங்களில் எடுக்க வேண்டும்.

புறப்படுமுன் வீட்டிலேயே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். 1972 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றம் காட்டின் ஓரத்தில்தான் தெரியும், நடுக்காட்டைத் தேடாதீர்கள். மக்காச்சோளத்துக்காக அழிக்கப்படும் மேற்கின் மெனாபே உலர்காடு நல்ல தேர்வு.

அடுத்தது நிற்கும் இடம். இதில் அவசரப்படக் கூடாது. அங்கே தரையிலிருந்து முன்பு எடுத்த பழைய படத்தின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள குன்றின் முனையும் எப்படி ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். அதே மறைப்பு கண்ணுக்குத் தெரியும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். பிறகு முன்னும் பின்னும். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இடம் அமைந்ததும் முக்காலியின் உயரம், லென்ஸின் குவியத் தூரம், ஜிபிஎஸ் புள்ளி, திசை, நேரம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். பழைய படமே இல்லையென்றால் இன்று நீங்கள் எடுப்பதுதான் முதல் படம். ஆகவே அசையாத பாறை ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். உலர்காட்டு மரங்கள் வறண்ட பருவத்தில் தாமாகவே இலை உதிர்ப்பவை. ஜனவரிப் பசுமையையும் ஆகஸ்ட் மொட்டைக் கிளைகளையும் அருகருகே வைத்து ‘காடு அழிந்தது’ என்றால் அது பொய்.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். செம்மண்ணின் சிவப்பைக் கேமராவே குறைத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி, ரா கோப்பாக எடுங்கள். பின்னால் சிவப்பைக் கூட்டவும் வேண்டாம்.

மனிதர்களை எடுக்குமுன் கேளுங்கள். சில இடங்களுக்கு ‘ஃபடி’ என்னும் விலக்கு உண்டு, கல்லறைகளுக்கு அருகே குறிப்பாக. கரி மூட்டம் போடுபவரையும், காட்டை எரித்து மலைநெல் விதைப்பவரையும் குற்றவாளியாகச் சட்டகத்தில் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு வேறு பிழைப்பு என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் படக்குறிப்பு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தெற்கில் 2019 முதல் 2021 வரை நீடித்த வறட்சியைப் பலரும் பருவநிலை மாற்றத்தின் பஞ்சம் என்றே எழுதினார்கள். தீவிர வானிலையில் பருவநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் ஆய்வாளர்களோ அதில் அந்த மாற்றத்தின் பங்கு மிகச் சிறிது என்றார்கள். 2022இல் பட்சிராய் புயல் கொட்டிய மழையைப் பருவநிலை மாற்றம் கூட்டியது என்று சொன்னவர்களும் அவர்களே. மேட்டுநிலத்தில் ‘லவாகா’ எனப்படும் மண்சரிவுப் பள்ளங்களிலும் சில, மனிதர் வருமுன்பே உண்டானவை. ஆகவே கண்ட இடத்தையும் நாளையும் உறுதியாக எழுதுங்கள். காரணத்தை ஆய்வு சொல்லும் அளவுக்கே எழுதுங்கள்.

திரும்பும்போது குறிப்புகளின் பிரதி ஒன்றை ஊர் வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த படத்தை அவரே எடுக்கக்கூடும்.