மூடாத கதவு

நம் செராஸ் வட்டாரத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு அரிது. 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அந்நோய் இருந்தது. கைக்குழந்தைக்கும் அது வரும் என்பதை, மருத்துவமனை மருந்துக் கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்த நானே தாமதமாகத்தான் அறிந்தேன்.

சென்ற ஆண்டு அன்னதானத்தின்போது ஓர் அம்மையார், "ஐயா, பேரனுக்கு மூணு மாசத்திலேயே இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சிட்டாங்க. நாங்க இனிப்பே கொடுக்கலையே!" என்று கண் கலங்கினார். அவருக்குச் சொன்னதையே அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களின் சுவரில், பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாசல்கள் உண்டு. உண்ட உணவின் சர்க்கரை உயிரணுவுக்குள் எரிந்து சக்தி பிறக்கும்போது அவ்வாசல்கள் மூடிக்கொள்ளும். உடனே கால்சியம் உள்ளே புகும். இன்சுலின் வெளியே வரும். சர்க்கரையால் இவ்வாசல் மூடுவதை 1984-இல் கண்டறிந்தவர் ஆக்ஸ்போர்டின் பிரான்சிஸ் ஆஷ்கிராப்ட் அம்மையார்.

அவ்வாசலை அமைக்கும் மரபணுக்களுள் ஒன்று கே.சி.என்.ஜே.11. அதில் பிழை நேர்ந்தால் கதவு திறந்தே நிற்கும். இன்சுலின் இருந்தும் வெளியே வராது. பெரும்பாலும் பிறந்த ஆறு மாதத்திற்குள் நோய் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர ஆய்வாளர்கள் 2004-இல் இதை வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளில் இப்பிழை புதிதாகத் தோன்றுவது. பெற்றோர் வழி வந்ததன்று. தாய் உண்டதற்கும் பாட்டி ஊட்டியதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

வியப்பு என்னவென்றால், நம் பெரியவர்களுக்கு நான் எண்ணி எண்ணிக் கொடுத்த கிளிபென்கிளமைட் மாத்திரை, வேறு வழியாக அதே கதவை மூடுகிறது! 2006-இல் வெளியான ஆய்வில், இப்பிழையுள்ள 49 பேரில் 44 பேர் இவ்வகை மாத்திரையால் இன்சுலினை நிறுத்த முடிந்தது. சென்னையில் டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மரபணுவைச் சோதித்து, குழந்தைகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் தாமாக ஊசியை நிறுத்துவது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வேறு மரபணுப் பிழையாக இருந்தால் மாத்திரை பலிக்காமலும் போகலாம். சோதனை முடிவு வந்த பிறகே, நிபுணரின் கண்காணிப்பில் மாற்ற வேண்டும்.

அம்மையார் அந்த மரபணுவின் பெயரை என்னிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். டாக்டரும் இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டாராம். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.