வயலின் வில்லுக்கு ஏற்ற மரம்

பெங்களூரில் சௌடையா நினைவு மண்டபம் இருக்கிறது. மைசூர் சௌடையா பெரிய வயலின் வித்வான். அவர் நினைவாக 1980ஆம் ஆண்டு இதைக் கட்டினார்கள். கட்டடமே வயலின் வடிவில் இருக்கும்.

வயலின் மட்டும் இருந்தால் போதுமா? வாசிக்க வில் வேண்டும். வில் என்பது மெல்லிய குச்சி. அதில் குதிரை வால் முடியைக் கட்டியிருப்பார்கள். அந்த முடி தந்தியில் உராயும்போது ஒலி பிறக்கிறது. வில்லின் எடை சுமார் 60 கிராம். ஒரு கோழி முட்டையின் எடைதான்! ஆனாலும் முடியின் இழுப்பை அது தாங்க வேண்டும். வளைய வேண்டும், வளைந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எல்லா மரமும் இதைச் செய்யாது.

நல்ல வில்லுக்குப் பெர்னம்புகோ என்ற மரம் பேர்போனது. இது பிரேசில் நாட்டு மரம். கேரளத்தில் குடிநீரில் போடும் பதிமுகம் தெரியுமல்லவா? அந்த மரத்துக்கு இது உறவு. இரண்டிலும் சிவப்புச் சாயம் உண்டு. சாயத்துக்காகவே பெர்னம்புகோ மரங்களை ஏராளமாக வெட்டினார்கள். காடும் அழிந்தது. அதனால் 2007 முதல் இந்த மரத்தை நாடுவிட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு உண்டு. வேறு மரத்தை இதன் பெயரில் விற்பவர்களும் இருக்கலாம். பெங்களூர் மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. என்ன மரம் என்று கண்டறியும் வேலை அங்கே நடக்கிறது.

மரத்தில் வைரம் பாய்ந்த பகுதிதான் வில்லுக்கு உதவும். கணு, வெடிப்பு கூடாது. நார் நுனிவரை நேராக ஓட வேண்டும். நார் குறுக்கே போனால் அந்த இடத்தில் வில் ஒடியும்.

பச்சை மரத்தில் நீர் இருக்கும். காயும்போது மரம் சுருங்கும், கோணும். ஆகவே கட்டைகளை நிழலில் அடுக்கிப் பல ஆண்டுகள் காய விடுவார்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

வில்லின் வளைவை வாளால் அறுத்து எடுப்பதில்லை. அறுத்தால் நார் அறுபடும். குச்சியை முதலில் நேராகவே இழைப்பார்கள். பிறகு நெருப்பின் மேல் காட்டித் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். சூடு உள்வரை ஏற வேண்டும். அவசரப்பட்டால் மேல்புறம் கருகும், உள்ளே இளகாது. இளகியதும் மெல்ல வளைத்து, ஆறும்வரை பிடித்திருப்பார்கள். பிரம்பு நாற்காலி செய்பவர்களும் பிரம்பைச் சூடு காட்டித்தான் வளைக்கிறார்கள்.

வில் வாங்கும்போது ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போலத்தான். பக்கவாட்டில் கோணல் இருந்தால் வாங்க வேண்டாம். வாசித்து முடித்ததும் அடியில் உள்ள திருகைத் தளர்த்துங்கள். முடி இறுகியே இருந்தால், நெருப்பில் ஏற்றிய வளைவு நாளடைவில் போய்விடும்.