கடவுச்சொல் திரையில் உங்கள் வாசகம்: எந்த வழி யாருக்கு?

கணினி கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நாமே எழுதிய செய்தி ஒன்றைக் காட்ட விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே வசதி உண்டு. தனி மென்பொருள் வேண்டாம். வழியைத் தேர்வதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். செய்தி கண்ணில் பட்டால் போதுமா, அல்லது படித்து ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விட வேண்டுமா? தொலைந்த மடிக்கணினியைத் திருப்பித் தரச் சொல்லி எண் கொடுக்க முதல் வகை போதும். அலுவலக விதிமுறைக்கு இரண்டாவதுதான் சரி.

விண்டோஸ்

இதில் கிடைப்பது இரண்டாம் வகை. தலைப்பும் செய்தியும் முதலில் தோன்றும். ஓகே அழுத்தினால்தான் கடவுச்சொல் கேட்கும். புரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, லோக்கல் பாலிசிஸ் என்பதன் கீழுள்ள செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் 'இன்டராக்டிவ் லாகான்' எனத் தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். மெசேஜ் டைட்டில், மெசேஜ் டெக்ஸ்ட் இரண்டையும் நிரப்புங்கள். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி இல்லை. ரெஜிஸ்ட்ரியில் லீகல்நோட்டீஸ்கேப்ஷன், லீகல்நோட்டீஸ்டெக்ஸ்ட் என்னும் இரு மதிப்புகளை மாற்ற வேண்டும். பலன் ஒன்றுதான், ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கை தவறினால் வேறு ஏதேனும் கெடலாம், முதலில் நகல் எடுத்து வையுங்கள். கடவுச்சொல் இல்லாமல் தானே திறக்கும்படி அமைத்த கணினிக்கு இந்த வழி ஒத்துவராது: செய்தி குறுக்கே நிற்கும்.

மேக்

இரண்டு வகையும் உண்டு. வென்ச்சுரா முதலான பதிப்புகளில் சிஸ்டம் செட்டிங்ஸ், லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய், பூட்டியிருக்கும்போது செய்தி காட்டும் விருப்பத்தை இயக்கினால் போதும். திரையில் சிறிய எழுத்தில் வரும். ஒப்புதல் வேண்டுமென்றால், லைப்ரரிக்குள் இருக்கும் செக்யூரிட்டி கோப்புறையில் பாலிசிபேனர் என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு வையுங்கள். அதை ஏற்றுக்கொண்ட பின்பே மேலே போக முடியும்.

லினக்ஸ்

இங்கே செய்தி தோன்றும் நேரத்தையும் நீங்களே தேரலாம். ஈடிசி கோப்புறையின் 'இஷ்யூ' கோப்பில் எழுதியது உரைமுனையத்தில் உள்நுழையும் முன் வரும். 'மோட்டிடி' கோப்பில் எழுதியது நுழைந்த பின் வரும். "ஞாயிறு பராமரிப்பு" போன்ற அறிவிப்புக்கு மோட்டிடி பொருத்தம். க்னோம் வரைகலைத் திரையோ இவ்விரண்டையும் பார்க்காது. அதன் உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம்மின் பேனர் அமைப்பைத் தனியே இயக்க வேண்டும். தமிழில் எழுத விரும்பினால் ஜிடிஎம் பேனரையே நாடுங்கள். உரைமுனையத்தின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. கொம்பையும் காலையும் எழுத்தோடு இணைத்துக் காட்டவும் அதற்குத் தெரியாது.

விட்டுவிட வேண்டிய வழி

விண்டோஸின் சொந்தச் செய்திகளையே மாற்ற, கணினிக் கோப்புகளைத் திறந்து திருத்தும் கருவிகளும் உண்டு. அடுத்த அப்டேட் வந்தால் அந்த உழைப்பு அழிந்துபோகலாம். அதற்குள் கணினியே திறக்காமல் போனாலும் வியப்பில்லை.

யாருக்கு எது

வீட்டு மேக்: லாக் ஸ்கிரீன் செய்தி.
அலுவலக விண்டோஸ்: பாலிசி. கணினிகள் பல என்றால் குரூப் பாலிசி வழியாக ஒரே இடத்திலிருந்து அனுப்பலாம்.
பலர் நுழையும் லினக்ஸ் சர்வர்: எச்சரிக்கைக்கு இஷ்யூ, அன்றாட அறிவிப்புக்கு மோட்டிடி. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே வருவோருக்கு இஷ்யூ தானாக வராது. எஸ்எஸ்ஹெச் அமைப்பிலுள்ள பேனர் வரியில் அந்தக் கோப்பைச் சுட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் வாசகம் இரண்டு மூன்று வரிக்குள் இருக்கட்டும். கடவுச்சொல் தெரியாதவரும் படிக்கும் இடம் அது. வீட்டு முகவரி, பயனர் பெயர், மென்பொருள் பதிப்பு எதுவும் அதில் வேண்டாம்.