ஒரு கடைக்கு ஒரே கணக்கு



"போன மாதம் கடையில் எவ்வளவு லாபம்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் உடனே பதில் சொல்ல முடியும்? "கல்லாவில் இருப்பதுதான் லாபம்" என்பார் ஒருவர். "ஆடிட்டரிடம் கேட்டால்தான் தெரியும்" என்பார் இன்னொருவர். ஆடிட்டரோ மார்ச் முடிந்த பிறகுதான் சொல்வார். அதற்குள் நல்ல மாதமும் கெட்ட மாதமும் கடந்துபோயிருக்கும்.

கணக்கு தெரியாத கடையில் பணம் மட்டுமல்ல, நம்பிக்கையும் குறைகிறது. அதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

அண்ணன், தம்பி, ஒரு ஜவுளிக்கடை

அண்ணனும் தம்பியும் கூட்டாக ஜவுளிக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கல்லாவில் உட்காருகிறார். தம்பி கொள்முதலையும் பில்லையும் கவனிக்கிறார். விற்பனை பில் மெஷினில் இருக்கிறது. யுபிஐயில் வந்த பணம் வங்கியில் இருக்கிறது. கடன் விற்பனை ஒரு நோட்டில் இருக்கிறது. கொள்முதல் பில்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. இப்படி ஒரே கடைக்கு நான்கு கணக்குகள்.

மாதக் கடைசியில் அண்ணன் பார்க்கிறார். மாதத் தொடக்கத்தில் கல்லாவிலும் வங்கியிலும் சேர்த்து 1,50,000 ரூபாய் இருந்தது. இப்போது 1,10,000 தான் இருக்கிறது. "நாற்பதாயிரம் நஷ்டம்" என்கிறார். தம்பி பில் மெஷினைப் பார்க்கிறார். விற்பனை 6,00,000 ரூபாய். "நல்ல வியாபாரம், பணம் எங்கே?" என்கிறார். இருவர் மனதிலும் சொல்ல முடியாத ஒரு சந்தேகம் விழுகிறது.

இப்போது நான்கு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம். எளிமைக்காக ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம்.

விற்பனை 6,00,000. இதில் ரொக்கம் 2,60,000, யுபிஐ 2,50,000, கடன் 90,000.
தொடக்கச் சரக்கு 9,00,000. கொள்முதல் 4,80,000. மாதக் கடைசிச் சரக்கு 9,30,000. ஆகவே, விற்ற துணியின் அடக்க விலை 4,50,000.
வாடகை, சம்பளம், மின்கட்டணம் முதலிய செலவு 80,000.
விற்பனையில் அடக்க விலையையும் செலவையும் கழித்தால் லாபம் 70,000.

நஷ்டம் இல்லை என்று தெரிகிறது. பிறகு ஏன் கையில் பணம் குறைந்தது? கடைக்கு வந்த பணம் 5,10,000. மில்லுக்குக் கொடுத்தது 4,30,000, செலவு 80,000. வரவும் செலவும் சரிக்குச் சரி. லாபம் 70,000 வேறு உருவத்தில் இருக்கிறது: வாடிக்கையாளர்களிடம் 90,000 கடன், கூடுதல் சரக்கு 30,000, இவற்றிலிருந்து மில்லுக்குத் தர வேண்டிய 50,000 கழிய 70,000.

அப்படியானால் அந்த 40,000 எங்கே? ஒரு வாரம் கடையின் க்யூஆர் அட்டை வேலை செய்யவில்லை. தம்பி தன் சொந்த போனில் இருந்த க்யூஆரைக் காட்டிப் பணம் வாங்கினார். அது அவருடைய சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அவரே மறந்துவிட்டார். திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. கணக்கு ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இதைவிடச் சிறிய காரணத்துக்காகப் பிரிந்துபோன கூட்டு வியாபாரங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

இதே சிக்கல் பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. விற்பனைப் பிரிவு ஒரு மென்பொருள், கிடங்கு ஒரு மென்பொருள், கணக்குப் பிரிவு இன்னொன்று என்று வைத்திருக்கும். ஒவ்வொரு பிரிவும் கூட்டத்துக்கு வேறு வேறு எண்ணோடு வரும். இதைத் தீர்க்கத்தான் ஒருங்கிணைந்த தரவுத் தளங்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் 2023-இல் கொண்டுவந்த 'ஃபேப்ரிக்' இதற்கு ஓர் உதாரணம். எல்லாப் பிரிவுகளின் தரவும் ஒரே சேமிப்பிடத்துக்கு வருகிறது. 'பவர் பிஐ' என்ற கருவி அதிலிருந்து அறிக்கைகளைத் திரையில் காட்டுகிறது.

பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை மூன்றுதான்: சேர்ப்பது, சரிபார்ப்பது, காட்டுவது. இதில் கடினமானது நடுவில் இருப்பது. 'விற்பனை' என்றால் பில் போட்ட தொகையா, கைக்கு வந்த தொகையா? திரும்பி வந்த சரக்கைக் கழித்தாயிற்றா? இதை எல்லோரும் ஒரே மாதிரி முடிவு செய்யாவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது.

அரசுக்குத் தெரிவது நமக்குத் தெரிய வேண்டாமா?

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. இன்று நாம் யாரிடம் சரக்கு வாங்கினோம் என்பது, அவர் தாக்கல் செய்யும் கணக்கிலிருந்து தானாகவே ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாக நம் பக்கத்தில் வந்து நிற்கிறது. மின்னணு விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டாயமானது. கம்பெனிகளாகப் பதிவு செய்தவர்கள், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்று காட்டும் கணக்கு மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் நம் வங்கி வட்டி, சொத்துப் பரிமாற்றம், ஜிஎஸ்டி விற்றுமுதல் எல்லாம் ஒன்றாக வருகின்றன.

அதாவது, நம் கணக்கை நாம் ஒன்று சேர்ப்பதற்கு முன்பே அரசு ஒன்று சேர்த்துவிட்டது. நோட்டீஸ் வந்த பிறகு கணக்கைத் தேடுவதைவிட, நாமே முதலில் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

சிறு கடைக்கு விலை உயர்ந்த தளம் எதுவும் தேவையில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருளோ, ஒழுங்காக எழுதிய எக்செல் தாளோ போதும். பழக்கம்தான் முக்கியம்.

1. கடைப் பணம் கடையின் நடப்புக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். சொந்த க்யூஆரை அவசரத்துக்குக் காட்டினால், அன்றே அந்தத் தொகையைக் கடைக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

2. கடனுக்குக் கொடுத்தாலும் பில் போட வேண்டும். வாங்கியவர் பெயர், தொகை, தவணை மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

3. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். ஒருவர் 'சேலை' என்றும், மற்றவர் 'புடவை' என்றும், இன்னொருவர் 'சாரி' என்றும் பதிந்தால், அறிக்கையில் மூன்று பொருளாக நிற்கும்.

4. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுக்கும் நூறு ரூபாயும் எடுத்தவர் பெயரில் பற்று எழுதப்பட வேண்டும். பெரும்பாலான கடைகளில் கணக்கு உதைப்பது இங்கேதான்.

5. இரவு கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ரொக்கம், யுபிஐ, கடன் மூன்றும் சேர்ந்து பில் மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். வேறுபாடு இருந்தால் அன்றே தேடினால் கிடைக்கும். மார்ச்சில் தேடினால் கிடைக்காது.

6. மாதம் ஒரு முறை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கொள்முதல் பில்களை 2பி பட்டியலோடு ஒப்பிடுங்கள். நமக்கு விற்றவர் தன் கணக்கில் நம் பில்லைக் காட்டாவிட்டால், நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. சரக்கை எண்ணிப் பார்ப்பதையும் விடாதீர்கள்.

7. பிறகு மூன்று பக்க அறிக்கை: லாப நஷ்டம், சொத்தும் கடனும், பணம் வந்ததும் போனதும். பங்காளிகள் எல்லோரும் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு இருந்தால் வங்கியில் கடன் கேட்கும்போது காட்ட ஆவணம் இருக்கும். ஜகாத் கணக்கிடும்போதும் கையிருப்பு, விற்பனைச் சரக்கு, வரவேண்டிய கடன் ஆகியவற்றை ஊகிக்க வேண்டியிருக்காது. எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் அவர்களிடம் போகும்போது சரியான எண்ணோடு போங்கள்.

கருவி மட்டும் போதாது

தப்பான பதிவையும் கணினி அழகான படமாகக் காட்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்கட்டும். தரவின் நகல் கடைக்கு வெளியேயும் ஒன்று இருக்கட்டும்.

குடும்பத்துக்கும் தெரியட்டும்

கடனை எழுதிவைப்பது நமக்குப் புதிய பாடமல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான் என்பதை நாம் அறிவோம். ஆனாலும் கடைக்காரர் திடீரென மௌத்தான வீடுகளில், யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று தெரியாமல் மனைவியும் பிள்ளைகளும் தவிக்கிறார்கள். கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. கடன் எவ்வளவு என்றே தெரியாதபோது எதை அடைப்பது, எதைப் பங்கிடுவது?

ஆகவே கணக்கு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை வீட்டில் ஒருவருக்காவது கற்றுக்கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோ இருந்தால், மாதக் கடைசிக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். இந்த மாதம் ஒரு பக்கம் எழுதத் தொடங்கினாலும் போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமளானில் "கடையில் எவ்வளவு லாபம்?" என்ற கேள்விக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.