இல்லத்தில் இசைப்பதிவு

தோற்றுவாய்

எழுத்துச் சொல்லைக் காக்கும். சொல்லோடு பிறந்த இசையை முற்றும் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இவ்வுண்மையை உணர்தற்குப் பொருநையாற்றின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியே தக்க சான்றாகும். திருக்குருகூர் எனப் பழம்பெயர் பூண்ட இவ்வூர் நம்மாழ்வார் தோன்றிய தலம். பாசுரங்கள் வழக்கொழிந்திருந்த காலத்தில் நாதமுனிகள் இங்கு வந்து, மதுரகவியாழ்வார் அருளிய கண்ணிநுண் சிறுத்தாம்பினைப் பன்னீராயிரம் உரு ஓதி, நாலாயிரத்தையும் மீளப் பெற்றார் என்றும், தம் மருமக்கள் இருவருக்கு அவற்றை இசையோடு பயிற்றினார் என்றும் வைணவ மரபு கூறும். பிற்காலத்தே டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டுச் சுவடி தேடி இவ்வூருக்கு வந்து, கவிராயர் ஒருவரது இல்லத்திலிருந்த ஏட்டைப் பெற்றார்கள்; 1889-இல் அந்நூல் அச்சேறிற்று. இவ்வாறு இவ்வூர் இழந்த சொற்செல்வத்தைத் தமிழுலகிற்கு இருமுறை மீட்டுத் தந்துளது.

ஆயின் இசையின் நிலை யாது? திருவாய்மொழிப் பதிகங்களுக்குப் பண்ணும் தாளமும் ஏடுகளிற் குறிக்கப்பட்டுள்ளன. எனினும் இன்று அவை பெரும்பாலும் கூட்டமாக ஓதப்படுகின்றனவேயன்றி அப்பண்களிற் பாடப்படுவதில்லை. பண்ணின் பெயர் ஏட்டில் இருக்க, பண் செவியினின்று நீங்கிற்று. இவ்வூரிலும், திருவரங்கம், திருவில்லிபுத்தூர் முதலிய தலங்களிலும் நிகழும் அரையர் சேவையே அப்பழைய மரபின் எஞ்சிய இழையாக விளங்குகின்றது.

நம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கும் இந்நிலை நேர்தல் கூடும். திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) முதலியோர் இயற்றிய பாடல்களின்மேல் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் சிற்றூர்களில் முதியோர் பாடும் மெட்டு பலவிடங்களில் அக்குறிப்போடு ஒத்துவருவதில்லை. அம்மெட்டு எந்நூலிலும் இல்லை. பாடுவோர் மிடற்றில் மட்டுமே உள்ளது. ஆதலின், இசையிற் புதிதாகப் புகுந்த மாணவர் ஒருவர் தம் இல்லத்திலேயே பாடல்களைப் பதிந்து, கலந்து, சிறு தொகுப்பாக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வீடு ஒலிப்பதிவுக் கூடமான வரலாறு

1877-இல் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்கும் பொறியைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் இசைப்பதிவு பெருங்கம்பெனிகளின் தொழிலாகவே இருந்தது. 1948-இல் அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால், தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் தாமொருவரே பல கிதார்ப் பகுதிகளை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இசைத்தட்டு வெளிவந்தது. 1979-இல் நான்கு தடங்களைச் சாதாரணக் கேசட்டில் பதியும் போர்ட்டாஸ்டூடியோ என்னும் சிறு பொறி விற்பனைக்கு வந்தது. 1982-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அத்தகைய பொறியொன்றைக்கொண்டு வீட்டிற் பதிந்த பாடல்களே நெப்ராஸ்கா என்னும் ஆல்பமாயின. நம் நாட்டில் ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளிவந்த ரோஜாப் படத்தின் இசை அங்கு உருவாயிற்று. 2000-இல் ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் வெளிவந்தது. இன்று கணினியொன்றும் ஒலிவாங்கியொன்றும் உடையார் எவரும் பல தடங்களிற் பதியலாம். பொருட்குறை இப்போது பெருந்தடையன்று. செவிப்பயிற்சிக் குறையே தடை.

அறை

முதற்கண் ஆராயத்தக்கது அறை. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பாடுவோர்க்கு ஒன்றரை மீட்டர் தொலைவில் வெற்றுச் சிமெண்டுச் சுவர் இருப்பின், அதிற்பட்டு மீளும் ஒலி, நேரொலிக்குப் பின் நொடியில் நூற்றிலொரு பங்குக்குள் வந்து அதனோடு கலக்கும். அக்கலப்பினாற் குரல் குடத்துள் இருந்து பேசுவதுபோல் மாறும். இதனைப் பின்னர் எக்கருவியாலும் முற்றும் நீக்கவியலாது.

அறையின் நடுவே நின்று கையை ஒருமுறை தட்டுக. தட்டிய ஓசையைத் தொடர்ந்து 'கிண்' என்னும் அதிர்வு கேட்குமாயின் அவ்வறை அப்படியே ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டினைப் பாடுவோர்க்குப் பின்னும் பக்கத்தும் நிறுத்துக. தரையில் ஜமுக்காளம் விரிக்க. சுவரோரம் நூலடுக்கு இருப்பின் மிக நன்று. மெல்லிய திரைச்சீலை உயர்ந்த ஒலிகளை மட்டும் தணித்துத் தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடும். ஆகலின் தடித்த பொருளே வேண்டும்.

அடுத்தது அமைதி. மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் நிறுத்தப்படல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. மின்கம்பியை ஒலிவாங்கிக் கம்பியோடு சேர்த்துச் சுருட்டி வைப்பின் அவ்வலைவு 'உம்' என்னும் இரைச்சலாகப் பதிவிற் புகும். பொருநைக்கரை ஊர்களில் மாலையானால் வயலில் தவளைகள் ஒலிக்கும். திருநெல்வேலி-திருச்செந்தூர் இருப்புப்பாதையில் வண்டிகள் செல்லும். திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி முழங்கும். ஆகவே ஊர் உறங்கும் நண்பகற்பின் வேளையே பதிவிற்கு ஏற்றது. பாடுமுன் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிந்து கேட்பின், நம் செவி பழகி மறந்துவிட்ட ஓசைகளெல்லாம் வெளிப்படும்.

ஒலிவாங்கி

மைக் என வழங்கும் ஒலிவாங்கி பெரும்பான்மை இருவகைப்படும். டைனமிக் வகையில், மெல்லிய தகட்டோடு பிணித்த கம்பிச்சுருள் காந்தத்திடையே அசைந்து மின்னோட்டம் தரும். அது விலை குறைந்தது, முரட்டுப் பயன்பாட்டைப் பொறுப்பது. கண்டென்ஸர் வகை நுண்ணியது. அதற்குப் பொதுவாக 48 வோல்ட் மின்னழுத்தம் ஊட்டவேண்டும். நுண்மை மிக்கது நல்லதென எண்ணி அதனையே வாங்குவாருளர். ஆனால் அது குரலோடு அறையின் குற்றங்களையும் நுணுக்கமாகப் பதியும். மெத்தையிட்டும் அடங்காத அறையில் டைனமிக் வகையே நன்று. இருவகையிலும் முன்புறத்தொலியை மிகுதியாகவும் பின்புறத்தொலியைக் குறைவாகவும் ஏற்கும் அமைப்பு உண்டு. இரைச்சல் வரும் திசைக்கு ஒலிவாங்கியின் முதுகைக் காட்டுக.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மிக நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் பருத்துத் தோன்றும்; மிக விலகினால் அறையே கேட்கும். ஈண்டுத் தமிழ் பயில்வோர்க்கு இன்பந்தரும் செய்தியொன்றுண்டு. மேலிதழும் கீழிதழும் பொருந்துதலால் பகரமும் மகரமும் பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். இவ்விரண்டனுள் மகரத்தின் காற்று மூக்கின்வழி மெல்லச் செல்லும். பகரத்தின் காற்றோ இதழ் திறந்தவுடன் வெடித்து வந்து ஒலிவாங்கியைத் தாக்கும். மொழிமுதற் பகரமும் இரட்டித்த பகரமுமே இங்ஙனம் இடர் செய்வன. மெல்லெழுத்தை அடுத்து வருவது அத்துணை வெடிப்பதில்லை. மெல்லிய துணி கட்டிய வளையமொன்றை இடையே வைத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாது சிறிது பக்கத்தே சாய்த்து வைப்பின் இக்குறை நீங்கும்.

பதிவு

கணினி ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுகின்றது. ஒலித்தகட்டிற்கு 44,100 முறை. ஒவ்வோர் அளவும் 16 பிட். பதியும்போது 24 பிட் கொள்ளுதல் நன்று. மெல்லொலிகளும் தெளிவாக அமையும். அளவுகோலின் உச்சி சுழியம். பாட்டின் மிக உயர்ந்த இடமும் அதற்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்குமாறு அமைக்க. சுழியத்தைக் கடந்தால் அலையின் தலை வெட்டுண்டு ஒலி கரகரக்கும்.

பதியும் முறை இரண்டு. ஒன்று, சுருதி, தாளம், மத்தளம், ஆர்மோனியம், குரல் எனத் தனித்தனித் தடங்களாகப் பதிவது. முன் பதிந்ததைக் காதுக்கருவியிற் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதியவேண்டும். கணினி 20 மில்லிநொடி தாமதித்தால், ஏறக்குறைய ஏழு மீட்டர் தொலைவில் நிற்பவரோடு பாடுவதுபோல் தாளம் தளரும்; மென்பொருளில் அத்தாமதத்தைக் குறைத்துக்கொள்க. மற்றொன்று, யாவரும் கூடிப் பாட ஒரேமுறையிற் பதிவது. நம் மாவட்டத்து வில்லுப்பாட்டிற்கு இதுவே பொருந்தும். வீசுகோல் நாணிற் படுதலும், மணிகள் குலுங்குதலும், குடத்தின் வாயில் அறைதலும், பின்பாட்டார் 'ஆமா' போடுதலும் ஒருவரையொருவர் முகம்நோக்கிச் செய்வன. பிரித்துப் பதிந்தால் அவற்றின் உயிர் போய்விடும்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் மாணவர் நால்வர் ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டின் உள்ளறையில் ஐந்து கீர்த்தனைகளைப் பதிந்தோம். அவற்றுள் மூன்றனை அவ்வீட்டு மூதாட்டியார் பாடினார். அவர் எழுபது ஆண்டுகளைக் கடந்தவர். தம் தாயாரிடம் கற்ற மெட்டு என்றார். அச்சிட்ட இராகத்திற்கு அது வேறாயிருந்தது. அவ்வீட்டில் அதனைப் பாடுவார் வேறொருவரும் இலர். காதுக்கருவி அணிந்து, இயந்திரத் தாளத்திற்குள் நின்று பாடுதல் அவருக்கு இயல்பன்று. ஆதலின் வழக்கமான முறையைத் தலைகீழாக்கினோம். அவர் தாமாக எடுத்த குரலுக்குச் சுருதிப்பெட்டியை நாலரைக் கட்டையில் அமைத்து, அதனை ஒலிவாங்கியின் பின்னே வைத்து, அவரை விருப்பம்போற் பாடவிட்டோம். மத்தளமும் ஆர்மோனியமும் பின்னர் அவரைத் தொடர்ந்து வாசிக்கப்பட்டன. அடி முடியுமிடத்தில் அவர் ஒரு மூச்சளவு நின்று செல்வார். வாசிப்போரும் ஆங்கே நின்றனர். கருவி பாடுவோரைத் தொடர்தல் வேண்டும். பாடுவோரைக் கருவிக்கு அடிமையாக்குதல் பதிவாகாது.

கலவை

தனித்தடங்களை ஒருங்கிணைத்துச் செவிக்கு ஒரே இசையாக்குவதே மிக்ஸிங் எனப்படும் கலவை. அதனை இம்முறையிற் செய்க.

முதலாவது, அளவு. வேறெதனையும் தொடாது, ஒவ்வொரு தடத்தையும் கூட்டியும் குறைத்தும் மட்டும் கேட்க. பாட்டில் தலைமை சொல்லுக்கு. சொல் விளங்காத இடத்தில் பிற தடங்களைத் தாழ்த்துக, குரலை உயர்த்தற்க.

இரண்டாவது, நீக்கல். ஈக்யூ என்பது தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவுவது. குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கினால் பாட்டு கெடாது. தரையதிர்வும் வண்டியோசையும் தணியும். மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளது. ஆர்மோனியமும் அவ்விடத்தே நிறைந்து நிற்பதால், அதனை அங்குச் சிறிது குறைத்துச் சொல்லுக்கு வழிவிடுக.

மூன்றாவது, இடம். குரலையும் மத்தளத்தின் இடந்தலையையும் நடுவில் நிறுத்தி, ஆர்மோனியத்தை ஒரு பக்கமும் தாளத்தை மறுபக்கமும் சிறிது ஒதுக்குக.

நான்காவது, அடக்கல். கம்ப்ரஸர் என்பது உரத்த இடங்களைத் தணிப்பது. உச்சங்கள் மூன்று நான்கு டெசிபல் அடங்கினாற் போதும். மிகுந்தால் பாட்டின் ஏற்றத்தாழ்வு மறைந்து, பாடுவோர் உணர்ச்சியற்றவர்போல் தோன்றுவர்.

ஐந்தாவது, முழக்கம். ரிவர்ப் என்பது ஆலயத்து எதிரொலியைச் செயற்கையாகச் சேர்ப்பது. புதியோர் மயங்குமிடம் இதுவே. நீண்ட முழக்கத்தில் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் ஒன்றையொன்று விழுங்கும். உளதென்று தெரியாத அளவே போதும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. குரலைத் தானே சுரத்தில் நிறுத்தும் திருத்துகருவி இப்போது பரவியுளது. அது பொதுவாக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்கி, இடைப்பட்ட ஒலியை அருகிலுள்ள பங்கிற்கு இழுக்கும். நம் இசை அங்ஙனம் பன்னிரண்டிற்குள் அடங்குவதா? தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில், சுருதிகள் இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கே என நெடிது வாதித்தார். அவ்வாதம் எங்ஙனமாயினும், கமகத்தில் அசையும் சுரத்தைப் பிழையென நேராக்கினால் எஞ்சுவது முதியோர் மெட்டன்று, பொறியின் மெட்டே. தம் பாட்டைத் திருத்திக்கொள்ள விழைவார் திருத்துக. மரபுமெட்டுப் பதிவில் அதனைத் தொடாதிருத்தலே நேர்மை.

கலவை முடிந்ததும் அன்றே வெளியிடற்க. மறுநாட் காலையில் காதுக்கருவியிலும், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும், மோட்டார் வண்டியிலும் கேட்டு, மூன்றிடத்தும் சொல் விளங்குகின்றதா என நோக்குக.

தொகுப்பும் உரிமையும்

பாடல்களை நிரல்படுத்துகையில் சுருதியும் நடையும் அடுத்தடுத்து ஒன்றாக வாராமல் அமைக்க. ஒரு பாட்டு உரத்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருத்தலாகாது. இணையவழிப் பாட்டு நிலையங்கள் பலவும் ஒலியளவைத் தாமே சமன் செய்கின்றன. ஸ்பாட்டிஃபை கொள்ளும் இயல்பளவு, லஃப்ஸ் என்னும் அளவையில், சுழியத்திற்குப் பதினான்கு கீழ். ஆதலின் பிறர் பாட்டினும் உரக்க ஒலிக்கவேண்டுமென்று நெருக்குதல் வீணாகும்.

உரிமையையும் மறத்தலாகாது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த பாடலுக்கு அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். வேதநாயக சாஸ்திரியார் பாடல்களை எவரும் பாடிப் பதியலாம். ஆனால் இக்காலத்தார் ஒருவர் பதிந்த ஒலித்தகட்டிலிருந்து எடுத்தல் கூடாது. பாடிய முதியோரின் இசைவைப் பெற்ற பின்னரே வெளியிடுக. பழைய ஏடெழுதினோர் இறுதியிற் பெயரும் நாளும் வரைந்ததுபோல, பாடியவர், ஊர், நாள், மெட்டைக் கற்ற வழி ஆகியவற்றைப் பதிவோடு எழுதிவைக்க. திருத்தாத மூலப்பதிவை வேறு வேறிடங்களில் மூன்று படிகளாகக் காக்க. ஒரு நிமிடத் தனித்தடம் பத்து மெகாபைட்டுக்கும் குறைவே. அதனைக் காத்தல் அரிதன்று.

முடிவுரை

கவிராயர் வீட்டார் தம் சுவடியைக் காத்திராவிடின், ஐயரவர்கள் இவ்வூருக்கு வந்தும் வெறுங்கையராய் மீண்டிருப்பர். ஏடு இருந்தது வீட்டிலேதான். இன்று மெட்டுக்களும் வீடுகளிலேயே உள்ளன. ஆனால் ஏட்டிற்கு வாய்த்த நீண்ட ஆயுள் மிடற்றுக்கு இல்லை. நகரத்துப் பெருங்கூடத்திற்கு அம்மூதாட்டியார் வாரார். நாமே அவர்பாற் செல்லல் வேண்டும். மாணவரும் பழைய மாணவரும் அடுத்த விடுமுறையில் தத்தம் ஊரில், தம் பாட்டியாரோ அயல்வீட்டுத் தாத்தாவோ பாடும் ஒரு பாட்டையேனும் பதிந்து, அவர் பெயரோடு நம் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராக. தாலாட்டாயினும் ஆகுக, கீர்த்தனையாயினும் ஆகுக, வில்லுப்பாட்டாயினும் ஆகுக. பின்வருவோர் அவற்றின் பண் யாதெனத் தேடி ஊரூராய் அலையாதிருப்பர்.