கை சுட்டால் முதலில் குழாயடி!

நெருப்பு மட்டுமா சுடும்? கஞ்சி, சாம்பார், காய்ந்த எண்ணெய், குக்கர் ஆவி எல்லாமே சுடும். சில குறிப்புகள்:

1. சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடிக்காதீர்கள்; சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். காய்ந்த பிடிதுணியோ இடுக்கியோதான் சரி.

2. சீடைக்கு மாவை நன்றாகச் சலித்து, உருண்டைகளைத் துணியில் உலர்த்தி, ஊசியால் குத்திவிட்டுப் பொரியுங்கள். உள்ளே ஆவி அடைபட்டால் வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

3. குக்கரில் ஆவி முழுக்க அடங்கும்முன் வெயிட்டைத் தூக்காதீர்கள். வெயிட் போடும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

4. வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

5. குழந்தையின் குளியல் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். கலந்தபின் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

6. சுட்டுவிட்டதா? உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்திருந்தால் குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். குழந்தை என்றால் உடம்பின் மற்ற பாகத்தைப் போர்த்திவிடுங்கள்.

7. வீங்கும்முன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

8. இங்க், பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். கிருமி சேரும், காயத்தின் ஆழமும் டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

9. கொப்புளத்தை உடைக்காதீர்கள். பஞ்சு வைக்காமல், துவைத்த மெல்லிய வேட்டித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

10. காயம் பட்டவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு, அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரிதானாலும், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலும், மின்சாரத்தாலோ ஆசிடாலோ வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குழந்தைக்குச் சிறு காயமானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தோல் வெளுத்து, வலியே தெரியவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். அதுதான் ஆழமான காயம். 108-ஐ அழையுங்கள்.