துன்பத்தின் நடுவே மகிழ்ச்சி

திருவனந்தபுரம் என்றதும் ஸ்ரீ அனந்தபத்மநாப சுவாமியின் ஆலய கோபுரமே நம் மனக்கண்முன் எழுகிறது. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் இந்நகரின் மற்றொரு முகத்தைக் காணலாம். தெற்கே பொழியூர் தொடங்கி விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை, வெட்டுக்காடு, தும்பா என்று வடக்கே அஞ்சுதெங்கு வரை கடலோர ஊர்கள் தொடர்கின்றன. அவற்றினிடையே மாதா கோயில்களும் தொடர்கின்றன. இங்குள்ள மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதியுள்ளார்.

இம்மக்களின் வாழ்க்கை எளிதானதன்று. விடியுமுன் கடலில் இறங்குகிறார்கள். சில நாட்களில் எஞ்சினுக்கு ஊற்றிய மண்ணெண்ணெயின் விலைக்குக்கூட வலையில் மீன் விழுவதில்லை. பிடித்த மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து சந்தைக்குச் செல்கிறார்கள். மழைக்காலத்தில் கடல் கரையை அரித்து வீடுகளையும் விழுங்கிவிடுகிறது. அவ்வாறு வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பள்ளிக் கட்டடங்களிலும் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது.

எந்நிலையிலும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று கிறிஸ்தவ வேதம் போதிக்கிறது. கடன் சுமையோடும் ஈரத் தரையோடும் வாழ்பவருக்கு இந்தப் போதனை என்ன பொருள் தர முடியும்? வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொல்லும் ஆறுதலாகிவிடாதா? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது.

இப்போதனையைத் தந்த புனித பவுல் அடிகளார் வயிறு நிறைந்தவராக இருந்தபோது இதனை எழுதவில்லை. பிலிப்பி நகரத்தாருக்கு அவர் வரைந்த திருமுகம் சிறையில் எழுதப்பட்டது. வழக்கின் முடிவு விடுதலையா மரணமா என்பது அப்போது அவருக்குத் தெரியாது. நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூலில் ‘மகிழ்ச்சி’ என்னும் சொல் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதைப் படித்தவர்கள் இது வெறும் சொல் அன்று என்பதை அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய ஊரிலேயே பவுலும் சீலாவும் பிரம்படி பட்டு, கால்கள் தொழுமரத்தில் பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். அந்த நள்ளிரவில் அவர்கள் இறைவனைப் பாடித் துதித்ததைச் சக கைதிகள் கேட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது.

இத்திருமுகத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. வறுமையிலும் நிறைவிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் கூறுகிறார். அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ஸ்டாயிக் தத்துவ ஞானிகளுக்கு உரியது. தன்னிறைவு என்பது அதன் பொருள். புறப்பொருள் எதையும் சாராமல், இன்ப துன்பங்களால் அசைக்கப்படாமல் நிற்பதே அந்த ஞானிகளின் இலட்சியம். நம் சாஸ்திரங்கள் கூறும் திதிக்ஷையை, அதாவது புலம்பாமல் பொறுத்துக்கொள்ளும் பண்பை, அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பவுல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தமக்கு வலிமை தருபவரைச் சார்ந்தே இந்நிறைவு அமைகிறது என்கிறார். அடுத்து, தம் துன்பத்தில் பங்கு கொண்டதற்காகப் பிலிப்பியருக்கு நன்றி கூறுகிறார். தன்னிறைவு என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதனுள் இருந்த ‘தான்’ என்பதை அவர் அகற்றிவிட்டார் எனலாம். கிரேக்க மொழியில் மகிழ்ச்சி, அருள் ஆகிய இரண்டையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதும் இங்கே எண்ணத்தக்கது. இம்மகிழ்ச்சி பெறப்படுவது; பெறப்படுவதால் பகிரப்படுவது.

மற்றொன்றும் உண்டு. பிலிப்பியர் அனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பப்பிரோதீத்து என்பவர் நோயுற்று மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அவர் இறந்திருந்தால் தம் துயரத்தின்மேல் மேலும் ஒரு துயரம் சேர்ந்திருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். மகிழ்ச்சியை இத்தனை முறை வற்புறுத்துபவர் தமக்குத் துயரமே இல்லை என்று சொல்லவில்லை. சிரித்த முகத்தையே பக்தியின் அடையாளமாகக் கொள்பவர்கள் இவ்விடத்தைத் திரும்பப் படிப்பது நல்லது.

இனி மீண்டும் திருவனந்தபுரக் கரைக்கு வருவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, எச்சரிக்கை எட்டுமுன்பே பலர் கடலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் தந்தையரையும் மகன்களையும் இழந்த வீடுகள் பல. சிலரது உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அலை அடங்குமுன்னரே மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு உறவினரைத் தேடிச் சென்றார்கள். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் அவ்வீடுகளில் கண்ணீரில் கழிந்தது. அவர்களிடம் சென்று மகிழ்ச்சியாக இருங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்கள் மௌனமாகச் சகித்துக்கொண்டிருக்கவும் இல்லை. எச்சரிக்கை ஏன் தாமதமாயிற்று என்று உரக்கக் கேட்டார்கள். 2022-இல் விழிஞ்ஞத்தில் துறைமுகப் பணியையும் கடலரிப்பையும் முன்னிட்டு, மறைமாவட்டத்தின் தலைமையில் மாதக்கணக்கில் போராடினார்கள். அப்போராட்டத்தின் நியாயங்கள் பற்றி வேறுபட்ட கருத்துகள் உண்டு. அவை இங்கு நம் ஆய்வுக்கு உரியவையல்ல. விசுவாசம் அவர்களை ஊமைகளாக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

ஒக்கி வீசி ஒன்பது மாதங்கள்கூட நிறையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. செங்ஙன்னூரிலும் பத்தனம்திட்டாவிலும் மக்கள் மாடிகளில் சிக்கித் தவித்தார்கள். பங்குக் கோயில்களின் வழியே செய்தி பரவியது. இதே கரையிலிருந்து படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு இரவோடிரவாகப் புறப்பட்டன. கடலை மட்டுமே அறிந்தவர்கள் தெருக்களில் படகு செலுத்தினார்கள். நீருக்குள் மறைந்திருந்த மதில்களும் இரும்புக் கதவுகளும் படகுகளின் அடிப்புறத்தைக் கிழித்தன. மாநிலத்தின் பல கரைகளிலிருந்தும் சென்ற மீனவர்கள் பல்லாயிரம் பேரை மீட்டார்கள். மீட்கப்பட்டவர் எந்த மதத்தவர் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்நாட்களில் அவர்கள் உள்ளத்தில் இருந்ததை வெளியிலிருந்து நாம் அளந்து கூற முடியாது. ஆனால் பவுல் பிலிப்பியரிடம் கண்டு மகிழ்ந்தது இத்தகைய பகிர்வையே. பவுலின் வேறொரு திருமுகத்திலிருந்து மக்கெதோனியாவின் சபைகள் கடும் வறுமையில் இருந்தவை என்று அறிகிறோம். பிலிப்பி அந்நாட்டு நகரமே. பிலிப்பியர் தம் மிகுதியிலிருந்து கொடுத்தவர்கள் அல்லர்.

மீட்புப் பணிக்காக ஒவ்வொரு படகுக்கும் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. சகோதரர்களைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மீனவர்களில் சிலர் மறுத்துவிட்டனர். உடைந்த படகுகள் மட்டும் பழுது பார்க்கப்பட வேண்டியிருந்தன. மறுபடியும் கடலுக்குச் செல்ல அவை வேண்டுமல்லவா?